தொண்டை ஆறும்வரை

என் குறட்டையை நான் முதன்முதலில் கேட்டது நாத்தனாரின் வளைகாப்பில். பந்தி முடிந்து பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது மாமியார் தன் போனை எடுத்தார். நான் தூங்கும்போது பதிவு செய்ததைச் சத்தமாக வைத்துப் போட்டார். "ரைஸ் மில்லு ஓடுது பாருங்க. எம்புள்ள தெனம் இதக் கேட்டுக்கினுதான் படுக்கிறான்." விழுப்புரத்துச் சொந்தம் மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. என் கணவரும் சிரித்தார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இன்றும் முடியாது.

அடுத்த வாரமே, "கொஞ்ச நாளு ஒங்கம்மா வூட்ல இரு, எனக்கும் தூக்கம் வேணுமில்ல" என்று திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கொஞ்ச நாள் மாதக்கணக்கில் நீண்டது. பக்கத்தில் படுத்த அம்மாவுக்குத்தான் என் குறட்டை நடுநடுவே நின்றுபோவது உறைத்தது. "மூச்சே நின்னு போவுதுடி" என்று அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். டான்சில் பெருத்து, உள்நாக்கு தொங்கி, தூக்கத்தில் மூச்சுக்குழாயை அடைக்கிறது, ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் டாக்டர். இத்தனை வருடம் கூடப் படுத்தவருக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

ஆபரேஷன் முடிந்ததும் ஒரு வாரம் பேசக் கூடாது என்றார்கள். எச்சில் விழுங்கினாலே கண்ணில் நீர் முட்டியது. ஆறவைத்த கேப்பைக் கூழ்தான் சாப்பாடு. சேதி எட்டியதும் மாமியாரும் கணவரும் கட்டிலருகே வந்து நின்றார்கள்.

"ஆனது ஆச்சி. நல்ல நாளு பாத்து அழைச்சிக்கினு போறோம்" என்றார் மாமியார். நான் சுவரைப் பார்த்தேன். "மௌனம் சம்மதம். ஒத்துக்கிச்சி" என்று அவரே முடித்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் பேசலாம் என்றார். நான் பேசவில்லை. அம்மாவிடம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு என் எண்ணத்தைச் சொன்னேன். "எதுக்குடி இந்தப் பேஜாரு?" என்றாள். ஆனால் கணவரின் போன் வரும்போதெல்லாம், "அவளால இன்னும் பேச முடியலீங்க" என்று அவளே சொல்லி வைத்தாள்.

நல்ல நாளும் வந்தது. வளைகாப்பில் சிரித்தவர்களெல்லாம் தட்டும் பழமுமாக வேனில் வந்து இறங்கினார்கள். எனக்கு வேண்டியதும் அந்தக் கூட்டம்தான். எல்லோரும் உட்காரும்வரை, காபி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தேன்.

"நீ பேச வேணாம்மா, தலையாட்டுனா போதும். கெளம்பலாமா?" என்றார் மாமியார்.

சேர்த்துவைத்திருந்த குரலை அப்போதுதான் எடுத்தேன். கரகரத்தது. ஆனால் வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"போன எடுங்க அத்த. இதயும் ரெக்கார்டு பண்ணிக்கிங்க. நான் வரல."

ஒருவரும் சிரிக்கவில்லை. கொண்டுவந்த தட்டுகளை அவர்களே தூக்கிக்கொண்டு போனார்கள்.

வேன் கிளம்பியதும் அம்மாவிடம் சோறு போடச் சொன்னேன். ஆபரேஷனுக்குப் பிறகு அதுதான் முதல் சோறு. காரக்குழம்பு தொண்டையில் எரிந்தது. இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.