பச்சையாக எரிந்த கற்பூரம்

சென்ற ஆண்டு, கத்திரி வெயில் தொடங்கிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை. அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கீற்றுக் கொட்டகையில் நடந்தது இது. வழக்கமாக அங்கே அண்ணனின் சைக்கிளும் விறகும்தான் இருக்கும். அன்று ஒரு கார் நின்றது. அதுவும் ஏ.சி. பொருத்திய கார்.

கார் அண்ணனின் முதலாளியுடையது. குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறை ஒன்றில் அண்ணன் தற்காலிகப் பணியில் இருந்தார். முதலாளியின் காரில் குளிர் வராமல் போனபோது, "பெட்டியானால் என்ன, காரானால் என்ன, உள்ளே ஓடுவது ஒரே கேஸ்தானே, நான் பார்க்கிறேன்" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டார். முதலாளி உடனே சாவியை நீட்டினார். பட்டறை நேரத்தில் செய்யக்கூடாது என்றார். திங்கட்கிழமை காலை வண்டி குளிர்ந்து வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் மாதக் கடைசியோடு வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பா இல்லாத எங்கள் வீடு அண்ணனின் வேலையை நம்பியே நடக்கிறது. என் முதுகலைப் படிப்பும் அதில் அடக்கம்.

உதவிக்கு, பக்கத்து ஊரான பாடியிலிருந்து அண்ணனின் நண்பர் வந்திருந்தார். குழாய்களிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்க, பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிய மோட்டாரையும், ஒரு சிறிய கேஸ் உருளையையும் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். அந்தக் கேஸ் எளிதில் கிடைப்பதில்லை. கசிவைத் தேடுவதற்கென்று சிறிது செலவழித்தால், பிறகு ஒரு முறை முழுதாக நிரப்ப மட்டுமே மிஞ்சும். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அதுவும் காற்றோடு போய்விடும்.

காலையிலிருந்து இருவரும் காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தார்கள். கேஸ் கசியும் இடத்தில் நுரை குமிழியிட வேண்டும். எங்கும் குமிழி எழவில்லை. ஆனால் உள்ளே செலுத்திய கேஸ் குறைந்துகொண்டே வந்தது.

"இன்னா மச்சான் இது? வண்டிக்கு எண்ணெ தேச்சி குளிப்பாட்டாத கொறதான். கேஸ் மட்டும் எந்தப் பக்கம் போவுதுன்னு தெர்ல" என்றார் நண்பர். கசிவைக் கண்டுபிடிக்கவென்றே ஒரு விளக்கு பட்டறையில் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டியிருந்தது. சாவி முதலாளியிடம் இருந்தது. அவரிடம் போய்க் கேட்பது, முடியவில்லை என்று ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்று அண்ணன் மறுத்துவிட்டார்.

இதற்கிடையில் தெரு முழுவதும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. எதிர்வீட்டு அக்கா, "எங்க ஊட்ல குடிக்கவே பானத் தண்ணிதான். இங்க வண்டிக்கு ஐஸ் பொட்டியா!" என்று சிரித்தார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பிற்பகலில் ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து கொட்டகையின் திறந்த பக்கத்தை மறைத்துக் கட்டிவிட்டார். உள்ளே காற்றே இல்லாமல் போனது.

விளக்கு வைக்கும் நேரம் நெருங்கியது. நான் தேநீர் கொண்டுபோனபோது, அம்மா செம்புத் தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.

"ஊரே வந்து பாத்துட்டுப் போவுது. கண்ணு பட்டா எந்த மிசின்தான் ஓடும்? நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க."

அண்ணன் முன்மூடிக்குள் குனிந்தபடியே, "சீக்கிரம் முடிம்மா" என்றார். பெட்ரோல் தொட்டியின் பக்கம் மட்டும் போக வேண்டாம் என்றார் நண்பர். அம்மா காரின் முன்புறத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, முதலாளி அமரும் இருக்கைக்கும் காட்ட வேண்டும் என்று கதவைத் திறந்தார். பிறகு தட்டைக் கதவடியின் விளிம்பில் வைத்துவிட்டு, கண்களை மூடிக் கைகூப்பினார்.

தட்டிலிருந்த சுடர் அசையாமல் எரிந்தது. எரிந்துகொண்டே நிறம் மாறியது.

முதலில் ஓரத்தில் மட்டும். பிறகு அடியிலிருந்து நுனிவரை. இலையின் பச்சையும் அல்ல, கிளியின் பச்சையும் அல்ல. நீலம் ஓடிய, கண்ணைக் கூசவைக்கும் ஒரு பச்சை. அதற்குப் பொருத்தமான சொல்லை என் மனம் தேடிக்கொண்டிருந்தது. அண்ணனும் நண்பரும் முன்மூடிக்குள் தலையை நுழைத்திருந்தார்கள். அம்மாவின் கண்கள் மூடியிருந்தன. அந்தச் சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

அண்ணனின் நண்பர்கள் இருக்கும்போது நான் பேசுவதில்லை. வகுப்பிலும் அப்படித்தான். வாக்கியம் மனத்தில் முழுமையாக அமையாமல் வாய் திறக்க மாட்டேன். அந்தத் தயக்கம் சில நொடிகள் நீடித்திருக்கும். அதற்குள் அம்மா இருமத் தொடங்கினார்.

"அண்ணா, கற்பூரம் பச்சையா எரியுது" என்றேன்.

நண்பர் நிமிர்ந்து பார்த்தார். "மச்சான்! அம்மாவ வெளிய இஸ்து வா!" என்று கத்திக்கொண்டே தார்ப்பாயைப் பிடித்து இழுத்து வீழ்த்தினார். அண்ணன் ஓடிவந்து தட்டைக் காலால் எற்றிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டுபோனார். நானும் ஓடினேன். அந்தக் கேஸ் தீப்பற்றாது; ஆனால் நெருப்பில் பட்டால் எழும் புகை நஞ்சு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கிணற்றடியில் அம்மா நெடுநேரம் இருமினார். கண்களில் நீர் வழிந்தது. பேச முடிந்ததும் முதலில் சொன்னது, "சாமி தட்ட ஒதைச்சிட்டியேடா, பாவி" என்பதுதான்.

அண்ணன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு சீரானது என்று உறுதியான பிறகுதான் என் பக்கம் திரும்பி, "தட்டு எங்கே இருந்தப்போ பச்சையாச்சு?" என்று கேட்டார்.

"கதவுக்கிட்ட, கீழே. வண்டிக்கு முன்னால காட்டினப்போ மஞ்சளாத்தான் இருந்தது."

நண்பர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கசிவைக் காட்டும் அந்த விளக்கிலும் ஒரு செம்புத் துண்டு உண்டாம். கேஸ் பட்டால் அதன் சுடர் இப்படித்தான் பச்சையாகுமாம். காற்றைவிடக் கனமான கேஸ் காரின் உள்ளே தேங்கி, கதவைத் திறந்ததும் விளிம்பு வழியாக வழிந்திருக்கிறது. அப்படியானால் கசிவு முன்மூடிக்குள் இல்லை; காருக்குள், இருக்கைக்கு முன்னால் குளிர்காற்று வரும் பெட்டியின் பின்புறத்தில்.

"பாத்தியா? எவ்ளோ கண்ணு பட்டிருந்தா பச்சையா எரியும்!" என்றார் அம்மா.

"கண்ணுதாம்மா. வண்டிக்குள்ள குந்திக்கினு கீது. நாங்கதான் வெளிய தேடிக்கினு இருந்தோம்" என்றார் நண்பர். அம்மா உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம்.

கொட்டகையில் நன்றாகக் காற்று வீசும்வரை காத்திருந்து, இருவரும் அந்தப் பெட்டியைக் கழற்றினார்கள். அதன் பின்னால் ஒரு குழாயின் வாயில் மயிரிழை போன்ற விரிசல். அந்த முனையை வெட்டி, குழாயின் வாயைப் புதிதாக விரித்துப் பொருத்தி, மாறி மாறிச் சோப்பு தடவிப் பார்த்தார்கள். பிறகு மோட்டாரால் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மீதமிருந்த கேஸை நிரப்பினார்கள். எஞ்சின் ஓடிச் சற்று நேரத்தில், அண்ணன் என்னைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியின் முன்னால் கையை வைக்கச் சொன்னார். விரல்கள் குளிர்ந்தன.

மறுநாள் முதலாளி அண்ணனையும் கூட்டிக்கொண்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பூந்தமல்லி வரை போய்த் திரும்பினாராம். இறங்கும்போது, "நாளையிலிருந்து நிரந்தர ஆட்களோடு உன் பெயரும் இருக்கும்" என்றாராம். அன்று மாலை அண்ணன் நெளிந்துபோன செம்புத் தட்டைத் தானே தட்டி நிமிர்த்தி, புளி போட்டுத் துலக்கி, அம்மாவிடம் கொடுத்தார். கண்ணேறு கழிந்ததால்தான் வேலை கிடைத்தது என்று அம்மா இன்றும் சொல்கிறார். அண்ணன் மறுப்பதில்லை, தார்ப்பாயை மட்டும் எங்கோ ஒளித்து வைத்துவிட்டார்.

அந்தப் பச்சைக்குச் சரியான சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கண்ணெதிரே ஏதேனும் நிறம் மாறினால், நல்ல சொல் பிறகு வரட்டும் என்று முதலில் வாயைத் திறந்துவிடுகிறேன்.