பொறுப்பாளரைக் கூப்பிடு

ஆபீசில் அவளுக்குக் 'கையேடு' என்றுதான் பேர். மிக்ஸிக்கும் வாஷிங் மெஷினுக்கும் 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்று எழுதிப் பிழைத்தவள், பிறகு கணவர் வேலை பார்த்த கம்பெனியிலேயே கம்ப்யூட்டர் கருவிகளுக்குக் கையேடு எழுத வந்து சேர்ந்தாள். யாரும் படிக்காததை எழுதி எழுதியே பாதி ஆயுசு போயிற்று. கடைசியில் ஒரு வரி விடாமல் படிக்கிற ஆள் கிடைத்தது. அது மனுஷப் பிறவியாக இல்லாமல் போனது அவள் தலையெழுத்து!

விஷயம் இதுதான். கம்பெனியின் சர்வர் கம்ப்யூட்டர்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்க ஒரு கருவி செய்திருந்தார்கள். டிஸ்க் நிரம்புகிறதா, கேட்டால் பதில் வருகிறதா என்று சோதித்து, 'நலம்', 'கவனம்', 'ஆபத்து' என்று மூன்றில் ஒன்றைச் சொல்லும். அதைப் பார்த்து நடவடிக்கை எடுக்கப்போவது, ஆள் இல்லாமல் தானே வேலை பார்க்கிற ஒரு ஏஐ ஏஜென்ட். அதற்குப் புரிகிற மாதிரி கையேடு எழுதுவது இவள் வேலை. அதுவரை அந்த சர்வர்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வந்தது யார்? வேறு யார், இவளைக் கட்டிக்கொண்ட மகராசன்தான்.

மேனேஜர் சுற்றி வளைக்கவில்லை. "ஏஜென்ட் எத்தனை தடவை அவரைக் கூப்பிடுதுன்னு பார்ப்போம் மேடம். கூப்பிடுற வரைக்கும் அவர் இருப்பார்" என்றார்.

அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். 'கவனம்' என்று வருகிற இடத்தில் எல்லாம் ஒரே வரி: 'எதுவும் செய்யாதே, பொறுப்பாளரைக் கூப்பிடு.' விடை தெரிந்த இடத்திலும் வேண்டுமென்றே அதையே போட்டாள். அவள் எழுதியதிலேயே மட்டமான கையேடு அது. அவ்வளவு அக்கறையாக வேறு எதையும் எழுதியதில்லை.

ஏஜென்ட் சொன்ன சொல் தட்டாத பிள்ளை. அவர் சாப்பிட உட்கார்ந்தால் போன், தலைக்குச் சோப்புப் போட்டால் போன்.

"பேக்கப் ஓடுறப்போ சர்வர் மெதுவாத்தான் இருக்கும். இதுகூடத் தெரியாதா அந்தச் சனியனுக்கு?" என்று துண்டோடு நின்று கத்தினார். "நீதானே எழுதுறே? பேக்கப் முடியுற வரைக்கும் சும்மா கிடன்னு எழுதிப் போட வேண்டியதுதானே?"

"என்னங்க, அது கூப்பிடட்டும். கூப்பிடுற வரைக்கும்தான் உங்களுக்கு அங்க வேலை. மேனேஜர் என்கிட்டயே சொல்லிட்டார்" என்று உடைத்தே சொல்லிவிட்டாள்.

அவர் சிரித்தார். "போடி பைத்தியம். நான் இல்லாட்டி அங்க ஒரு லைட்டு எரியாது."

மனுஷனுக்குத் தலைக்கனம் இருக்கலாம், இப்படியா காது அடைத்துப்போகும்? கையைப் பிடித்துக் கெஞ்சினாள். மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பேசவைத்தாள். "ரெண்டு போன் எடுத்தா குறைஞ்சா போயிடுவே?" என்று கேட்ட தாயையும், "உனக்கு ஒண்ணும் புரியாதும்மா, சும்மா இரு" என்று வாயை அடைத்துவிட்டார்.

ஒரு மத்தியானம் மேனேஜர் அறையில் அவளையும் இன்னும் நாலு பேரையும் வைத்துக் கையேட்டைப் பற்றிப் பேச்சு. அழைக்காமலே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் கணவர். கையில் போன் அலறிக்கொண்டிருந்தது.

"என் சம்சாரம்னு பார்க்காதீங்க சார். இந்தக் கையேட்டுல சரக்கே இல்லை. எல்லாத்துக்கும் என்னைக் கூப்பிடுன்னு எழுதி வெச்சா அது பாவம் என்ன பண்ணும்? நான் சொல்றேன், எழுதச் சொல்லுங்க."

மேனேஜர் தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். காபி வரவழைத்தார். "உட்காருங்க சார்" என்றார். அத்தனை வருஷத்தில் அவரை அந்த ஆள் 'சார்' என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். போதாதா! மனுஷன் அப்படியே உச்சி குளிர்ந்துபோனார். எந்த சர்வர் எழுந்த பிறகு எதை எழுப்ப வேண்டும், எந்த எச்சரிக்கையைக் கண்டுகொள்ளவே வேண்டாம், டிஸ்க் நிரம்பினால் எதை அழிக்கலாம் என்று ஒன்று விடாமல் கொட்டினார். அவள் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தாள்.

"என்னடி, காலை நகர்த்து" என்றார், அத்தனை பேர் முன்னாலும்.

அதற்கு மேல் என்ன செய்வாள்? டைப் அடித்தாள். 'பொறுப்பாளரைக் கூப்பிடு' என்ற வரி ஒவ்வோர் இடமாக அவள் விரலாலேயே அழிந்தது.

அதன் பிறகு போன் அடிக்கவில்லை. "பார்த்தியா, எப்படி ஒழுங்கு பண்ணினேன்!" என்று பீற்றிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டார். மாசக் கடைசியில் அவரைக் கூப்பிட்டு, கைகுலுக்கி, கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

வந்தவர் சொந்தக்காரர்களுக்கு எல்லாம் போன் போட்டார். "வேற யாரும் இல்லை, என் பொண்டாட்டிதான். எழுதி எழுதியே என் வேலைக்கு உலை வெச்சுட்டா." அவள் மாமியாரைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு மகனுக்குச் சோறு போடப் போய்விட்டாள். அதோடு அவளுக்கு அந்த வீடே வெறுத்துப்போயிற்று.

மறுநாளும் அவள் வேலைக்குப் போனாள். வீட்டில் இனி ஒரு சம்பளம்தானே. சாயங்காலம் மணியை அழுத்துவதற்கு முன்பே அவர் கதவைத் திறந்தார். சட்டை மாற்றித் தலை சீவியிருந்தார்.

"என்ன, திணறுறாங்களா? என்னைக் கேட்டாங்களா?"

"இல்லைங்க" என்றாள். "நீங்க சொன்னது எல்லாமே சரியா இருந்துச்சு."