ஓரகத்தியின் ஸ்கேன் படம்

என் ஓரகத்தியின் வயிற்றுப் பிள்ளையுடைய ஸ்கேன் படத்தை நான் வேண்டுமென்றேதான் கறுக்க வைத்தேன். கை தவறி நடந்தது என்று வீட்டில் எல்லோரும் ஆறு வருடம் நம்பினார்கள். நானும் நம்பவிட்டேன்.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. ஆமத்தூரில் எங்கள் இரு குடும்பத்துக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்படி. அண்ணன் தம்பி இருவரும் விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைன் போடுகிறேன். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள், ஆடி பிறந்தால் காலண்டர். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்தபோது ஓரகத்திக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் முடிந்திருந்தது. பிள்ளை இல்லை. ஊரில் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் அவளிடம் முதலில் கேட்கிற கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன், பாவம் என்றும் நினைத்திருக்கிறேன்.

மறு வருடமே நான் உண்டானேன். ஐந்தாம் மாதம் விருதுநகரில் ஸ்கேன் எடுத்தார்கள். கையளவு பளபளப்புத் தாளில் ஒரு படம் தந்தார்கள். நெற்றி, மூக்கு, முகத்துக்கு நேரே தூக்கிய ஒரு கை. பஸ்ஸில் வரும்போது அதைப் பார்த்துக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன். வீட்டில் பீரோவுக்குள், கல்யாணப் பட்டுச் சேலையின் மடிப்பில் வைத்தேன். வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன்.

ஏழாம் மாதத் தொடக்கத்தில் ஒருநாள் பிள்ளையின் அசைவு நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் துடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இஷ்டமில்லை. பிள்ளையை எனக்குக் காட்டவில்லை. பார்த்தால் மறக்க முடியாது என்று என் கணவரும் மாமியாரும் முடிவு செய்து எடுத்துப் போய்விட்டார்கள். என்னை என் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். நாற்பது நாள் அங்கே கிடந்தபோது எனக்கு ஒரே ஒரு ஆறுதல்தான். பிள்ளையின் முகம் என் பீரோவில் இருக்கிறது.

திரும்பி வந்து பீரோவைத் திறந்தேன். சேலை இருந்தது. படம் இல்லை. எல்லாத் துணியையும் தரையில் கொட்டித் தேடினேன். ஓரகத்தி அடுப்படியில் உட்கார்ந்து மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பீரோவுல ஒரு படம் வச்சிருந்தேன். பாத்தீகளா?"

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "அந்த ஸ்கேன் படமா? அடுப்புல போட்டுட்டேன்த்தா. தவறுன பிள்ளை படம் வீட்டுல இருக்கக் கூடாதுன்னு அத்த சொன்னாக."

காய்ந்துபோன கறிவேப்பிலையை அடுப்பில் போட்டதைச் சொல்வதுபோலச் சொன்னாள். அடுத்த வத்தலை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். நான் ஸ்கேன் எடுத்த இடத்துக்குத் திரும்பப் போனேன். மெஷினில் பழைய படங்கள் இல்லை என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். என் கணவரிடம் சொன்னேன். "விடு. நம்ம நல்லதுக்குத்தான பண்ணியிருப்பாக" என்றார். அதற்குப் பிறகு இதைப் பற்றி யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. ஓரகத்தியுடன் சாதாரணமாகவே பேசினேன். அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்டேன். ஆனால் தினமும் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அவளுக்கு என்ன நடந்தால் என் மனசு ஆறும் என்று யோசித்தேன். அப்படி யோசித்ததில் எனக்கு வெட்கம் இல்லை.

மறு வருடம் ஓரகத்தி உண்டானாள். வீடே கொண்டாடியது. மாமியார் தெருவெல்லாம் சீனி கொடுத்தார். ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்து வந்த அன்று சாயங்காலம், அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு கவர்.

"ஏத்தா, இந்தப் படம் கொஞ்ச நாள்ல மங்கிப்போயிருமாம்ல. அங்கன ஒருத்தி சொன்னா. ஒங்க கம்பெனியில லேமினேஷன் மெஷின் இருக்குல்ல, போட்டுத் தாரியா? பிள்ளை பெரிசானதும் காட்டணும்."

என்னிடம் வந்து கேட்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் படத்தை எரித்தது அவளுக்கு நினைவே இல்லை என்று அப்போது புரிந்தது. அதுதான் என்னை அதிகம் எரித்தது.

"குடுங்கக்கா. நாளைக்கே போட்டுத் தாரேன்" என்றேன்.

ஸ்கேன் படம் அச்சடித்த படம் அல்ல. அதில் மை கிடையாது. பஸ் டிக்கெட் தாளைப்போல, சூடு பட்டால் கறுக்கிற தாள் அது. வருடக்கணக்கில் காப்பாற்ற வேண்டுமென்றால், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி நல்ல ஆர்ட் பேப்பரில் புதிதாக அச்சடிக்க வேண்டும். அப்படி அடித்ததை என்ன லேமினேஷன் வேண்டுமானாலும் செய்யலாம். அசல் தாளைச் சூடான மெஷினுக்குள் விட்டால் முழுத் தாளும் கறுத்துவிடும். அச்சகத்தில் பெருக்குகிறவர்களுக்குக்கூட இது தெரியும்.

மறுநாள் முதலில் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி என் பென் டிரைவில் வைத்துக்கொண்டேன். நல்லெண்ணத்தில் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம். அவளிடம் இல்லாதது என்னிடம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு ஐடி கார்டு போடுகிற சின்ன மெஷினைச் சூடாக்கி, படத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து உள்ளே விட்டேன். பக்கத்தில் நின்ற மெஷின்காரர் பதறிவிட்டார்.

"ஏம்மா, அது கறுத்துப்போகும்ல! தெரியாதா?"

"தெரியும்ண்ணே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். தன் மெஷினுக்குத் திரும்பிப் போய்விட்டார். படம் அந்தப் பக்கம் வெளியே வந்தது. பிள்ளையும் இல்லை, எழுத்தும் இல்லை. வழுவழுவென்று ஒரு கறுப்பு அட்டை.

சாயங்காலம் ஓரகத்தி அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னத்தா இது, ஒண்ணுமே தெரியல?"

"சூட்டுல கறுத்துருச்சுக்கா" என்றேன். அவள் அன்றைக்கு எந்தக் குரலில் சொன்னாளோ அதே குரலில் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே பழகிக்கொண்டு வந்திருந்தேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். அவள் அழுகிற சத்தம் கேட்டது. மாமியார் என்னைத் திட்ட ஆரம்பித்தபோது, "அவள ஒண்ணும் சொல்லாதீக அத்த, தெரியாமத்தான நடந்துச்சு" என்று ஓரகத்தி எனக்காகப் பேசினாள். அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

அவளுக்குப் பெண் பிறந்தது. இரண்டு வருடம் கழித்து எனக்குப் பையன். அவன் வயிற்றில் இருந்தபோது எடுத்த ஒவ்வொரு ஸ்கேனையும் ஆர்ட் பேப்பரில் அச்சடித்து, டைரிக்குப் போடுகிற கெட்டி அட்டை போட்டு ஒரு ஆல்பம் செய்தேன். ரொம்ப நாள் பீரோவில்தான் இருந்தது. போன வருடம் ஓரகத்தியின் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். 'நான் வளர்ந்த கதை' என்று ஒரு நோட்டில் படம் ஒட்டிவரச் சொன்னார்கள். பிறப்பதற்கு முன், பிறந்தபோது, முதல் பிறந்தநாள். மகள் வயிற்றில் இருந்தபோது கடைசி மாதங்களில் எடுத்த ஸ்கேன் படங்களை ஓரகத்தி தேடி எடுத்தாள். இங்கே அடிக்கிற வெயிலில் எல்லாம் வெளுத்து வெறும் தாளாகியிருந்தன. அன்றைக்குத்தான் நான் ஆல்பத்தைக் கொண்டுவந்து டிவி பக்கத்தில் வைத்தேன். அவள் பார்க்க வேண்டும் என்றுதான் வைத்தேன்.

பிள்ளைதான் முதலில் எடுத்தாள். "அம்மா, தம்பி வயித்துக்குள்ள இருக்கான் பாரு!" என்று கத்தினாள்.

ஓரகத்தி முதல் பக்கத்தைப் பார்த்தாள். விரலால் தடவினாள். ஆல்பத்தோடு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அப்ப ஒனக்கு எப்படிக் காப்பாத்தணும்னு தெரிஞ்சிருக்கு."

"தெரியும்."

"என்னுத நீ வேணும்னேதான் கறுக்க விட்ட."

"ஆமா. எம்பிள்ளை படத்த நீங்க எரிச்சீகல்ல."

கூச்சல் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கான பதில்களும் என்னிடம் தயாராக இருந்தன. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அத்த சொன்னாகன்னு சொன்னேன்ல. அத்த ஒண்ணும் சொல்லல. நானாத்தான் போட்டேன். நீ போன மறுநாள் பீரோவைத் தொறந்து அதைப் பாத்தேன். செத்தும் ஒனக்கு ஒரு பிள்ளை இருக்கு, எனக்கு அதுகூட இல்லைன்னு தோணுச்சு. வயிறு எரிஞ்சுபோச்சு."

அத்தனை வருடமாக மாமியார் மேல் நான் வைத்திருந்த பாதிக் கோபத்தையும் அவள் பக்கம் திருப்ப வேண்டியதாயிற்று. அவள் பொறாமை எனக்குப் புரியவே இல்லை என்று சொன்னால் பொய். புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை.

மறுநாள் பென் டிரைவில் இருந்த அவளுடைய அந்தப் பழைய படத்தை ஒரே ஒரு பிரதி அச்சடித்துக் கொண்டுவந்தேன். பிள்ளையைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தேன். "இது நான்தானா சித்தி? எம்புட்டுச் சின்னதா இருக்கேன்!" என்று குதித்தாள். அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து, பசை வழியாமல் நோட்டில் ஒட்டினோம்.

ஓரகத்தி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை நோட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டில் காட்ட ஓடியதும் மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணு அடிச்சுத் தாரியாத்தா? பீரோவுல வச்சுக்கிடுதேன்."

"மாட்டேன்க்கா" என்றேன்.

அவள் தலையசைத்துவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனாள். இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவை கேட்கிறாள். நானும் அதே பதிலைத்தான் சொல்கிறேன்.