மூன்றாவது கிளாஸ் தேத்தண்ணி

மரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை நிறுத்தாமல் அடித்தால் யானை வந்திருக்கிறது என்று அர்த்தம். விட்டுவிட்டு அடித்தால் கூட்டம். லெட்சுமி அக்கா இதை எனக்கு முதல் நாளே சொன்னார். நானும் நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டு வைத்தேன். இன்ஜினியர் வந்த அன்று அந்த நோட்டு ஆபீஸில் இருந்தது.

பந்தலூருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டித் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு லைன் அது. ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு வீடு, அப்படி நாலு வரிசை. எல்லாம் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். நான் ஒரு தொண்டு நிறுவனத்தின் செயலாளர். கோயமுத்தூரிலிருந்து சார்ட் பேப்பரும் கலர் பேனாவுமாகப் போய் இறங்கியவன். முதல் கூட்டத்தில் 'உங்கள் பகுதியின் கனவு என்ன?' என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். பூங்கா, சுவரோவியம், வாசகசாலை என்று பதிலையும் நானே சொன்னேன். இரண்டு மணி நேரம் எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் லெட்சுமி அக்கா எழுந்தார். கொழுந்து பறிக்கிறவர், லைனில் அவர் பேச்சுக்குத் தனி மதிப்பு. 'சார்' என்பது அவர் வாயில் 'சேர்' என்றுதான் வரும்.

"கனவெல்லாம் இருக்கட்டும் சேர். எங்களுக்குக் கக்கூஸ் வேணும்."

பழைய கழிப்பறைகள் இடிந்து பல வருஷம் ஆகியிருந்தது. எல்லோருக்கும் தேயிலைப் புதர்தான். இருட்டினால் அங்கே யானை வரும். அதனால் நாலு மணிக்கு மேல் அந்த லைனில் எந்தப் பெண்ணும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நாள் முழுக்கத் தேயிலை பறித்துவிட்டு வந்து, ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமல் படுப்பார்கள். அக்காவின் மகள் மாலா அதனாலேயே நீர்க்கடுப்பு வந்து இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. சார்ட்டைச் சுருட்டினேன்.

கழிப்பறை கேட்டு அரசாங்கத்துக்கு மனு போட்டோம். 'தேவை உறுதி செய்யப்படவில்லை' என்று மூன்று முறை திரும்பி வந்தது. நான்காவது முறை ஒரு இன்ஜினியர் நேரில் வருவதாகச் சம்மதித்தார். அவரும் இல்லை என்று எழுதிவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள்.

சாயங்காலம் நாலரை மணி. கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பியிருந்தார்கள். இன்ஜினியர் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே வாட்ச்சைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிசந்தானுங்க. கூடலூர்ல இன்னொரு வேலை இருக்குது. ஜனங்க எங்கீங்க?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடிப்போய்த் தண்டவாளத்தை அடித்தேன் பாருங்கள், கல்யாண மேளம் தோற்றது. நிறுத்தவே இல்லை.

அடுத்த நிமிஷம் லைனில் ஈ காக்கை இல்லை. கதவெல்லாம் படபடவென்று சாத்திக்கொண்டன. யாரோ தகரத்தைத் தட்டினார்கள். யாரோ பட்டாசு கொளுத்திப் போட்டார்கள். டிரைவர் ஜீப்போடு பறந்துவிட்டார். லெட்சுமி அக்கா ஒரு கையில் இன்ஜினியரையும் மறு கையில் என்னையும் பிடித்துத் தன் வீட்டுக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார்.

"யானைங்களா?" இன்ஜினியரின் குரல் கீச்சென்றது.

"ஒத்தைக் கொம்பன் ஒண்ணு இந்த மாசம் சுத்துது சேர். பயப்படாம உக்காருங்க."

அப்போதுதான் எனக்கு நோட்டு ஞாபகம் வந்தது. உண்மையைச் சொன்னால் ஃபைல் போச்சு. கோழைத்தனமாக வாயை மூடிக்கொண்டேன். அக்கா அகப்பைக் காம்பால் சுவரை மூன்று தடவை தட்டினார். பக்கத்து வீட்டிலும் தட்டினார்கள், அதற்கடுத்த வீட்டிலும். பத்திரமாக இருக்கிறார்களா என்று விசாரிக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பத்துக்குப் பத்து அறை, ஆறு பேர், ஓர் அடுப்பு. அக்கா தேத்தண்ணி போட்டார். முதல் கிளாஸை இன்ஜினியர் பயத்தில் மடமடவென்று குடித்தார். இரண்டாவதை மரியாதைக்குக் குடித்தார். மூன்றாவதை வேண்டாம் என்றார்.

"நம்ம கையால பறிச்ச கொழுந்து சேர்," என்றார் அக்கா. அதற்கு மேல் யார் மறுப்பது?

முக்கால் மணி நேரம் போயிற்று. இன்ஜினியருக்குப் பேச்சு குறைந்தது. கால் மேல் கால் போட்டார். மாற்றிப் போட்டார். எழுந்து நின்றார். கடைசியில் என் காதருகே குனிந்தார்.

"ஏனுங்க, பாத்ரூம் எங்கீங்க?"

அக்காவுக்குக் காது கூர்மை. பின் சன்னலைத் திறந்து புதரைக் காட்டினார்.

"அந்தா தெரியுதே, அங்கதான் சேர். நாங்க எல்லாருமே அங்கதான்."

"யானை?"

"அதுக்கும் அதுதான் வழி."

காற்றில் ஒரு புதர் அசைந்தது. இன்ஜினியர் என்னிடமிருந்து ஃபைலைக் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதினார்: 'தேவை உறுதி செய்யப்பட்டது. அவசரம்.' பிறகு யோசித்து, முன்னால் ஒரு 'மிக' செருகிக் கையெழுத்துப் போட்டார். அக்கா சுவரில் ஒரு தட்டு தட்டினார். "யானை போயிருச்சு!" என்று கடைசி வீட்டிலிருந்து குரல் வந்தது. இன்ஜினியர் ஓடிய வேகத்துக்கு யானையே வழி விட்டிருக்கும்.

ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகு மனசு கேட்காமல் அக்காவிடம் சொன்னேன். "நான்தானுங்க அக்கா தப்பா அடிச்சுட்டேன்."

"தெரியும் சேர். நீங்க அடிக்கிறதை வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"அப்புறம் ஏனுங்க கதவைச் சாத்துனீங்க?"

"மூணு மனு எழுதியும் அவங்களுக்குப் புரியலையே. கதவைத் திறக்காதீங்கன்னு சுவத்துல தட்டிச் சொன்னேன். மிச்சத்தைத் தேத்தண்ணி பாத்துக்கிச்சு."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் சார்ட் பேப்பர் கொண்டுபோங்கள், தப்பில்லை. கூட்டத்தை நாம்தான் நடத்துகிறோம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கழிப்பறை திறந்த அன்று இன்ஜினியரும் வந்தார். அக்கா கிளாஸை நீட்டியதும் பதறிப்போய், "அரை கிளாஸ் போதுமுங்கம்மா," என்றார். லைனே சிரித்தது. அப்போது மணி ஆறரை, நன்றாக இருட்டிவிட்டது. புதுக் கட்டடத்தில் லைட் எரிந்துகொண்டிருந்தது. அக்கா தனக்கொரு கிளாஸ் ஊற்றிக்கொண்டு, மாலாவுக்கும் ஒன்று கொடுத்தார். மாலா மெதுவாகக் குடித்து முடித்துவிட்டுக் கிளாஸை மறுபடி நீட்டினாள்.

"இன்னொண்ணு ஊத்தும்மா."