இடது பக்கம் நடப்பவள்

டெப்போவில் அவருக்கு 'ஒரே வெட்டு' என்று பெயர். டெப்போவின் பின்வாசல் குறுகல். நுழைந்தவுடன் எதிரில் சுவர். மற்ற டிரைவர்கள் முன்னும் பின்னுமாக இழுத்து, சுவரைத் திட்டி, அங்கே சுவர் வைத்தவனின் வம்சத்தைத் திட்டி, ஒருவழியாக பஸ்ஸை உள்ளே திணிப்பார்கள். அவர் ஸ்டியரிங்கை ஒரே வெட்டாக வெட்டி, அலமாரியில் தட்டைச் செருகுவதுபோலச் செருகிவிட்டு இறங்கிப் போவார். புதிதாகச் சேருகிறவர்களை அழைத்துவந்து வேடிக்கை காட்டுவார்கள்.

போன மாதம் அந்த வாசல் தூணில் பஸ்ஸின் இடது பக்கக் கண்ணாடி மோதி உடைந்தது. வழியில் ஒரு லாரிக்காரன் உரசிவிட்டான் என்று சொல்லிவிட்டார். யாரும் சந்தேகப்படவில்லை. ஒரே வெட்டாவது, தூணில் இடிப்பதாவது.

இடித்தது அவருக்கே தெரியவில்லை. சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்.

அதை நினைக்காமல் இருக்கத்தான் ஆற்றங்கரைக்கு வரச் சம்மதித்தார். மகள் இரண்டு நாளுக்கு அறை எடுத்துக் கொடுத்திருந்தாள். "கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க ரெண்டு பேரும் பஸ்ஸத் தவிர வேற எங்கயும் போனதில்லப்பா. போய் சும்மா உட்காந்துட்டு வாங்க" என்றாள். சும்மா உட்காருவது எப்படி என்று அவருக்குத் தெரியாது. உட்கார்ந்தால் கால் தானாக பிரேக்கைத் தேடும்.

முன்பு அந்தக் கரை சரக்குப் படகுகள் நிற்கும் துறை. அவர் ஓட்டிய தடத்தின் கடைசி நிறுத்தம். இப்போது கிடங்குகளுக்கெல்லாம் கண்ணாடிச் சுவர் வைத்து உணவகங்களும் துணிக்கடைகளும் வந்துவிட்டன. கரை நெடுகப் பலகை பாவிய நடைபாதை, இரும்புக் கைப்பிடி, நீரைப் பார்த்த பெஞ்சுகள். பழைய கிரேன் ஒன்றை மட்டும் வர்ணம் அடித்து நிறுத்தியிருந்தார்கள். அதன் கீழே நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

"இங்கதாங்க டீக்கடை இருந்துச்சு" என்றாள் மனைவி. "என் விசில நீங்க டீக்குள்ள போட்டது இந்த இடத்துலதான்."

"கை தவறி விழுந்துச்சு."

"ஆமா, கை தவறிச்சு. அதுக்கப்புறம் புது விசில் வாங்கிக் குடுத்து, அதுக்கப்புறம் வீட்டுக்கே வந்து பொண்ணு கேட்டதும் கை தவறித்தான்."

அவள் அவருடைய பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். வலது பக்கமும் நேர் எதிரும் டிரைவரின் பொறுப்பு. இடது பக்கம், கதவு, படி, ஓடிவந்து தொற்றுகிறவர்கள் எல்லாம் கண்டக்டரின் பொறுப்பு. விசில் காணாமல் போன நாட்களில் அவள் பஸ்ஸின் தகரத்தில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போ. காரணம் கேட்கக் கூடாது. பயணிகள் அட்டையைக் காட்டித் தாங்களே ஏறிக்கொள்ளும் காலம் வந்தபோது கண்டக்டர்களை எடுத்துவிட்டார்கள். அவளை டெப்போவிலேயே தவறவிட்ட பொருட்களுக்கான ஜன்னலில் உட்கார வைத்தார்கள். குடை, சாப்பாட்டு டப்பா, சில நாள் பல்செட். ஆனாலும் தெருவில் நடக்கும்போது அவருக்கு இடது பக்கம்தான் வருவாள். மருமகன் கேலி செய்வான். பழக்கம் போகவில்லை.

அவள் இடது பக்கம் நடந்ததால்தான் இத்தனை நாள் விஷயம் வெளியே வரவில்லை.

மழைக்காலத்தில் ஆரம்பித்தது. இடது கண்ணின் ஓரத்தில் ஏதோ குறைந்தது. இருட்டாகவும் இல்லை, மங்கலாகவும் இல்லை. அந்த இடமே இல்லாமல் போயிற்று. தூரத்துத் தெரு ஒன்றில் இருந்த கண் மருத்துவரிடம் தனியாகப் போனார். கண்ணுக்குள் அழுத்தம், போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்றார் மருத்துவர். என்ன வேலை என்று கேட்டார். "டெப்போல வேல" என்றார் இவர். மருத்துவர் மேலே கேட்கவில்லை. மருந்துக் குப்பியை மனைவி பார்த்துவிட்டபோது, தூசிக்கு என்றார்.

திங்கட்கிழமை டெப்போவில் வருடாந்திரக் கண் பரிசோதனை. எதிரே எழுத்துப் பலகையை மாட்டி வாசிக்கச் சொல்வார்கள். கடைசி வரியைக்கூட அவரால் வாசிக்க முடியும். நேராக இருப்பதெல்லாம் துல்லியம். தேறிவிடுவார். அந்த நினைப்புத்தான் பெஞ்சில் உட்கார விடாமல் செய்தது.

ஆற்றில் பயணிகள் படகு போய்வந்துகொண்டிருந்தது. வலப்பக்கம் இருந்து வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இடப்பக்கம் இருந்து திரும்பும்போது வரவில்லை, திடீரென்று எதிரில் இருந்தது. மறுபடியும் பார்த்தார். மறுபடியும் அப்படித்தான்.

"என்ன, கோழி மாதிரி கழுத்த வெட்டி வெட்டிப் பாக்கறீங்க?"

"பிடிச்சிக்கிச்சு. மெத்த சரியில்ல."

"மெத்த நல்லாத்தான் இருந்துச்சு. நீங்கதான் தூங்கல."

பேச்சை மாற்ற, எதிரில் வாடகைக்கு நின்ற வண்டியைக் காட்டினார். நான்கு சக்கரம், கோடு போட்ட துணிக்கூரை, இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கிற வண்டி. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சின்னப் பெண்ணைப்போல ஓடிப்போய் ஏறினாள். இடது பக்கத்தில்.

வலப்பக்கம் கைப்பிடியும் பிரேக்கும். அவர் உட்கார்ந்து காத்திருந்தார். அவள் வண்டியின் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ரைட்டு, போலாம் டிரைவர்!"

கொஞ்ச தூரம் வரை நன்றாக இருந்தது. பலகைகள் சக்கரத்தின் கீழே கடகடத்தன. அவள் வாயாலேயே ஹாரன் அடித்தாள். முன்னால் போன இளஞ்ஜோடி ஒன்று திரும்பிப் பார்த்துச் சிரித்து வழிவிட்டது. காற்றில் சட்டை படபடத்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது. கால் தானாக வேகம் பிடித்தது.

தகரத்தில் ஒரு தட்டு.

கை பிரேக்கை இறுக்கிவிட்டது. காரணம் அதற்குத் தேவையில்லை. வண்டி முன்பக்கம் குனிந்து நின்றது.

"என்ன, என்ன ஆச்சு?" என்றார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகுதான் அவர் தலையை முழுசாகத் திருப்பினார். இடது முன்சக்கரத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் குழந்தை வண்டி. உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஐஸ்கிரீம் வரிசையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்த தாய், நின்ற இடத்தில் உறைந்திருந்தாள்.

"கண்ணு எங்கய்யா இருக்கு உனக்கு?" என்றாள் அந்தத் தாய். குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்து, ஒரு கையால் குழந்தை வண்டியை இழுத்துக்கொண்டு போனாள். தூக்கத்தில் எழுப்பியதால் குழந்தை அழுதது. அந்த அழுகை கூட்டத்துக்குள் கரைந்தது.

"எப்பலேருந்து?" என்றாள் மனைவி.

"என்ன எப்பலேருந்து?"

"அந்தம்மா அவ்ளோ தூரத்துலேருந்து வந்தாங்க. நான் நீங்க பாத்துட்டீங்கன்னு நெனச்சேன். எப்பலேருந்து?"

"மழைக்கு முன்னாடி… மழையில."

"தூசிக்கு மருந்து."

அவர் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழம டெஸ்ட் இருக்கே" என்றாள்.

"அதுல ஒண்ணும் இல்ல. கடைசி வரி வரைக்கும் படிச்சிருவேன். பாஸாயிருவேன்."

"ஆயிருவீங்க. அதாங்க பயமா இருக்கு."

"பஸ் கண்ணாடிய இன்னும் கொஞ்சம் வெளிய திருப்பி வச்சிக்கறேன். கழுத்தத் திருப்பிப் பழகிட்டேன். மெதுவா ஓட்டறேன். வேற என்ன தெரியும் எனக்கு? உன் பக்கத்துல உட்காந்து குடைக்குச் சொந்தக்காரன் வருவானான்னு பாத்துட்டு இருக்கவா?"

"உட்காந்தா என்ன, கொறஞ்சா போயிருவீங்க?" என்று சீறியவள், பிறகு குரலை இறக்கினாள். "இப்ப நான் தட்டினேன். பஸ்ல யாருங்க தட்டுவா?"

பின்னால் யாரோ மணி அடித்தார்கள். வண்டி பாதையை மறித்துக்கொண்டு நின்றது.

"சரி, இத முதல்ல ஓரமா விடலாம். தட்டு" என்றார்.

அவள் கைகள் மடியில் இருந்தன.

"தட்டேன். அந்தக் கிரேன் வரைக்கும்தான்."

அவள் தட்டவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது, துடைத்தால் அவர் பார்ப்பார் என்று துடைக்காமல் இருந்தாள். அவள் கண்டக்டராக இருந்த வருடங்களில் அவளுடைய விசிலோ இரண்டு தட்டோ இல்லாமல் அவர் வண்டியை எடுத்ததில்லை. இப்போதும் கால் மிதிகட்டையில் இருந்தது. அழுத்தவில்லை.

இறங்கினார். அவளும் இறங்கினாள். வண்டியைத் தள்ளி ஓரங்கட்டியபின் செல்போனை எடுத்து டெப்போவில் டியூட்டி போடுகிறவரை அழைத்தார்.

"என்ன ஒரே வெட்டு, ஆத்தங்கரக் காத்து விடமாட்டேங்குதா? லீவ நீட்டிக்கவா?"

"என் வண்டிக்கு வேற ஆளப் போட்டுரு."

"திங்கக்கிழமைக்கா?"

"திங்கக்கிழம நேர்ல வந்து சொல்றேன். கண்ணாடிய ஒடச்சது லாரி இல்லப்பா, நான்தான் தூணுல இடிச்சேன்" என்று சொல்லிவிட்டு, மறுமுனையில் கேட்ட எதற்கும் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினார்கள். அவர் வலப்பக்கம் பிடித்தார், அவள் இடப்பக்கம். எதிரே வந்தவர்கள் தாங்களே ஒதுங்கிப் போனார்கள்.

வாடகைக்கு வண்டி விடுகிறவர் எழுந்து வந்தார். "நேரம் இன்னும் இருக்கே. ரிப்பேரா?"

"வண்டில ஒரு குறையும் இல்லங்க" என்றார் அவர்.

வண்டிக்காரர் நம்பவில்லை. குனிந்து பிரேக்கை அழுத்திப் பார்த்தார். சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டு, மறுபடியும் அழுத்திப் பார்த்தார்.