கீழ நகரம் கிழக்கே போன கதை

1. அட்டைப்படம்

ஆர்ட்டிஸ்ட் மணி கொண்டுவந்த அட்டைப்படத்தைப் பார்த்ததும் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அட்டை அன்றே அச்சுக்குப் போகவேண்டும்.

தஞ்சாவூரில் ஒரு பதிப்பகத்தில் நான் மொழிபெயர்ப்பாளர். கூட வேலை பார்த்தவர் அன்பரசு. நூறு வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆங்கில விஞ்ஞானக் கதையை இருவரும் பாதிப் பாதியாகத் தமிழாக்கிக்கொண்டிருந்தோம். பணக்காரர்கள் உயரமான கோபுரங்களில் இருப்பார்கள். தொழிலாளிகள் பூமிக்கு அடியில் இயந்திரம் ஓட்டுவார்கள். நடுவில் ஒரு லிஃப்ட். அந்தக் காலத்து விஞ்ஞானக் கதைகளில் பாதி இப்படித்தான். இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதுபோல, யார் யாருக்காக உழைக்கிறார்கள் என்பதைத்தான் பேசும்.

மேலே இருப்பதை ‘மேல நகரம்’, கீழே இருப்பதைக் ‘கீழ நகரம்’ என்று எழுதியிருந்தோம். அங்கேதான் பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. மணி டெல்டாக்காரர். கீழ என்றால் அவருக்குக் கிழக்கு, மேல என்றால் மேற்கு. இரண்டு ஊரையும் ஒரே தரையில் வரைந்து, நடுவில் வாய்க்கால் ஓடவிட்டு, தொழிலாளிகள் ஊருக்குப் பின்னால் சூரியனையும் உதிக்க வைத்துவிட்டார்.

“யோவ், பாதாளத்துல இருக்கறவனுக்கு ஏதுய்யா சூரியன்?” என்றார் முதலாளி.

“கீழ நகரம்னுதானேங்க எழுதிக் குடுத்தாங்க?” என்றார் மணி.

நான் சிரித்துவிட்டேன். அன்பரசு சிரிக்கவில்லை.

“இதாங்க சரியான படம். நம்ம ஊர்ல மட்டும் கீழத்தெரு பள்ளத்துலயா இருக்கு? கெழக்கால, ஒரே மட்டத்துலதான் இருக்கு. எறங்கி வர்றதா நெனைக்கறது உங்க தெருக்காரங்கதான்” என்றார் என்னிடம்.

இருவருக்கும் பூதலூர் பக்கம் ஒரே ஊர். நான் மேலத்தெருப் பெண். அவர் கீழத்தெரு. எங்கள் வயலில்தான் அவர் அப்பா வேலை செய்தார். வேலைக்கு ஒரே பஸ்ஸில் போய் வருவோம். ஊர் நெருங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டு அவர் பின்படிக்கட்டுக்குப் போய்விடுவார். அவர்மேல் எனக்குப் பிரியம். அவருக்கும் என்மேல் பிரியம் என்று தெரியும். இருவருமே ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

படத்தை மணி மாற்றி வரைந்து கொடுத்தார்.

2. கடைசி அத்தியாயம்

கடைசி அத்தியாயம் அன்பரசுவின் பங்கு. கீழ நகரத்து இளைஞன் லிஃப்டில் மேலே வந்து, தான் விரும்பும் பெண்ணை ‘என்னுடன் வா’ என்பான். அவள் பதில் சொல்லுமுன் கதவு மூடிக்கொள்ளும். கதை அவ்வளவுதான்.

ப்ரூஃபைப் படித்துவிட்டுச் சொன்னேன்: “மாத்திடலாங்க. அவ அவன்கூடப் போயிடறதா எழுதுங்க.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கதையைப் பற்றிப் பேசவில்லை என்பது அவருக்குப் புரிந்தது.

“மூலத்துல இல்லையேங்க.”

“இல்லாட்டி என்ன? நாம எழுதினாத்தானே உண்டு?”

“எழுதிட்டு நாம எங்கயாவது போயிடலாம். கீழத்தெருவுல எங்கம்மாவும் தங்கச்சியும்ல இருக்காங்க. அவங்க வாசல்ல வந்து நிக்கறவங்களுக்கு யாருங்க பதில் சொல்றது?”

வந்து நிற்பவர்கள் என் சித்தப்பாக்களாகத்தான் இருப்பார்கள்.

புத்தகம் மூலத்தில் உள்ளபடியே வந்தது. அதற்குள் அவர் டெல்லியில் வேலை கிடைத்துப் போயிருந்தார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். ஒரு சொல்லை அகராதியில் பார்த்தால் போதாது, அது எந்தத் தெருவில் எப்படிப் புழங்குகிறது என்றும் கேளுங்கள். மூலத்தை மாற்றாதீர்கள். மாற்றச் சொல்லி மனசு அடித்துக்கொள்ளும், அப்போதும் மாற்றாதீர்கள்.

எனக்கு, எழுதாமல் விட்ட அந்த ஒரு பக்கத்தின்மேல் இருந்த ஆசை மட்டும் இன்னும் போகவில்லை. ஓய்வு பெற்றாயிற்று, தலையும் நரைத்தாயிற்று. இன்றைக்கு அவர் வந்து ‘வா’ என்றாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.