அக்காவுக்காக ஜீப்பில் வைத்த ஏசி

அக்காவுக்கு வியர்க்காது. மொட்டைமாடியில் துணி எடுக்கப் போய் விழுந்ததில் கழுத்துத் தண்டுவடம் நசுங்கி, தோளுக்குக் கீழே எதுவும் அசையாமல் போனது. அதோடு வியர்வையும் நின்றுவிட்டது என்பதை அடுத்த கோடையில்தான் தெரிந்துகொண்டோம். வெக்கை உடம்புக்குள் ஏறும், இறங்க வழியில்லை. ஈரத்துணி போர்த்தி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு அப்பாவின் பழைய ஜீப்பில்தான் போவோம். கல்யாணப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களைத் தறிவீடுகளுக்கு ஏற்றிப்போகும் வண்டி அது. பின்கதவைத் திறந்தால் பலகையோடு அக்காவை உள்ளே தள்ளிவிடலாம். ஒரு சித்திரை மதியம் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். அப்பா வழக்கம்போல இன்ஜினை நிறுத்தினார். கேட் திறப்பதற்குள் அக்காவுக்குக் கண் செருகிவிட்டது. அம்மா குடிக்க வைத்திருந்த தண்ணீரை எல்லாம் அவள் தலையில் ஊற்றினாள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் வரமாட்டேன் என்றுவிட்டாள் அக்கா.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. இன்ஜின் ஓடினால்தான் குளிரும் சாதாரண ஏசி எங்களுக்கு உதவாது, நின்ற வண்டியிலும் ஓட வேண்டும். பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸர் ஒன்றைத் தேடி வாங்கிக்கொண்டு, ஓரிக்கை பக்கம் இருந்த ஏசி மெக்கானிக்கிடம் ஜீப்பைக் கொண்டுபோனேன்.

"இன்னாபா, கழுதைக்குக் கம்மலா?" என்று சிரித்தார். "இது ஜல்லடபா. இந்தப் பக்கம் ஊதுனா அந்தப் பக்கம் போயிடும்."

அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, முதலில் கான்வாஸ் கூரையைக் கழற்றச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அங்கேயே போயின. தகரக் கூரை போட்டு, உள்ளே வெக்கையைத் தடுக்கும் ஷீட் ஒட்டி, கதவிடுக்குகளுக்கு ரப்பர் வைத்தோம். ஏசிக்குத் தனி பேட்டரி, அதைச் சார்ஜ் செய்யப் பெரிய ஆல்டர்னேட்டர். கேஸ் ஏற்றி ஓடவிட்டதும், அக்காவின் பலகையில் நானே படுத்துப் பார்த்தேன். நெற்றியில் சில்லென்று பட்டது. எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்தபோது ஆடி பிறந்துவிட்டிருந்தது.

"ஆடில புதுசா எதயும் ஆரம்பிக்க வேணாம்பா," என்றார் அப்பா. "பெருக்கு அன்னிக்குப் போலாம். அன்னிக்கு எதத் தொட்டாலும் பெருகும். பாலாத்தாண்ட இட்டுக்கினு போய் படையல் போட்டுட்டு வரலாம்."

"சும்மா ஒருவாட்டி போட்டுப் பாக்கலாம்பா," என்றேன்.

"வுடுடா," என்றாள் அக்கா. "இத்தினி நாள் இருந்தேன், பெருக்கு வரிக்கும் இருக்கமாட்டனா? தண்ணியே இல்லாத ஆத்துக்கு ஏசி வண்டில போற மொத ஆளு நாந்தான்." அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு, "பச்சப் புடவைய எடுத்து வைமா. நைட்டியோட ஆத்துக்கு வரமாட்டேன்," என்றாள்.

பெருக்கு வருவதற்குள் காய்ச்சல் வந்தது. சிறுநீர்க் குழாய் வழியாகக் கிருமி ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டது, வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கு எத்தனை தடவை விளக்கியும் புரியவில்லை. ஆம்புலன்ஸில் போனவள் ஆம்புலன்ஸிலேயே உயிரில்லாமல் திரும்பி வந்தாள்.

ஆவணியில் முகூர்த்தங்கள் தொடங்கி, பட்டு எடுக்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஏறியதும் கேட்பார்கள், "ஏசி இருக்குது போலருக்கே, போடுங்களேன்."

"ரிப்பேரு," என்று அப்பா கண்ணாடியை இறக்கிவிடுவார்.

ஒருநாள் முன்சீட்டில் நானும் இருந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்ணின் தாய், "புதுசாத்தான் தெரியுது. எவனோ அரைகுறையா மாட்டிட்டிருக்கான்," என்றார்.

அப்பா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். திரும்பி அந்த அம்மாளைப் பார்த்தார்.

"எம்புள்ளதாம்மா மாட்டுனான். நல்லா ஓடும்."

மறுபடி வண்டியைக் கிளப்பினார். சுவிட்ச் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவரும் போடச் சொல்லவில்லை, நானும் போடவில்லை.